மூத்தோர் ஆட்சியா, விலகாதோர் ஆட்சியா? கல்லங்குறிச்சி முதல் கோட்டை வரை

1. கேள்வி

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியை வெளியூர்க்காரர்களில் இரண்டு வகையினர் நன்கு அறிவர். முதல் வகையினர் பக்தர்கள். உருவச் சிலை இல்லாமல் ஓங்கி நிற்கும் கற்கம்பத்தையே கலியுக வரதராசப் பெருமாளாக வணங்கும் கோயில் அங்கே இருக்கிறது. இராமநவமியை ஒட்டிய திருவிழாவுக்கும் தேருக்கும் பல மாவட்டத்து உழவர்கள் விளைச்சலில் ஒரு பங்கோடு வந்து சேர்கிறார்கள். இரண்டாம் வகையினர் நிலவியலாளர்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை அடுக்கு ஒன்றுக்கு இந்த ஊரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். மூப்பைப் பற்றிப் பேசப் புகுந்தால் கல்லங்குறிச்சியை விஞ்ச முடியாது.

இந்தக் கட்டுரைக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது. இங்கே பிறக்கும் ஒருவரின் வாழ்க்கையை நான்கு அதிகாரங்கள் தொடுகின்றன. கோயிலின் அறங்காவலர் அதிகாரம், ஊராட்சி மன்றம், நிலத்தையும் சுரங்கத்தையும் பற்றி முடிவெடுக்கும் பட்டாதாரர், சென்னையில் ஆளும் கட்சி. நான்கிலும் முதியவர்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் எந்த அளவுக்கு உண்மை, முதுமைதான் அதற்குக் காரணமா என்பதே கேள்வி.

முதியோராட்சி பற்றி நம்மிடையே இரண்டு பார்வைகள் உண்டு. இளைஞர்கள் நிறைந்த நாட்டைக் கிழவர்கள் ஆள்கிறார்கள் என்பது முதலாவது. அனுபவத்துக்கு ஈடு இல்லை, நாலும் தெரிந்தவர்கள் இருக்கும் சபைதான் சபை என்பது மற்றது. இரண்டும் எதிரெதிராகத் தோன்றினாலும் வயதே அதிகாரத்தின் ஊற்று என்பதில் ஒன்றுபடுகின்றன. அந்த இடத்தில்தான் இக்கட்டுரை மாறுபடுகிறது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர் எப்படி ஏறினார் என்பதை நாம் அலசுகிறோம். அவர் எப்போது, எந்த விதிப்படி இறங்குவார் என்பதை அநேகமாகக் கேட்பதே இல்லை.

2. உத்திரமேரூரின் இரண்டு கல்வெட்டுகள்

தமிழில் ஊராட்சி பற்றிப் பேசுவோர் உத்திரமேரூரைத் தொடாமல் போவதில்லை. போற்றுவதற்காகத் தொடுகிறார்கள், விதிகளைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தது. 30 குடும்புகளிலிருந்து (ஊரின் உட்பிரிவுகளிலிருந்து) குடவோலை வழியே ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

வயது வரம்பில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. 919ஆம் ஆண்டு விதி 30 வயதுக்கு மேல், 60 வயதுக்குள் என்றது. இரண்டே ஆண்டில் விதி திருத்தப்பட்டு, 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் என்றாகிவிட்டது. கீழ் வரம்பு ஐந்தாண்டு உயர, மேல் வரம்பு பத்தாண்டு உயர்ந்தது. அதாவது நாம் மக்களாட்சிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டும் அதே திருத்தம் சபைக்கு வயதேற்றியும் வைத்தது. போதாததற்கு, மூன்று வாரியங்களில் தலையாயதான சம்வத்சர வாரியத்துக்கு, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையும் எடுக்க வேண்டும் என்று விதித்தது.

இத்தனைக்கும் பிறகு அதை முதியோராட்சி என்று சொல்லிவிட முடியவில்லை. இறங்கும் வாயில்கள் அங்கே பல இருந்தன. 70 வயதோடு தகுதி முடிந்தது. வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது. கணக்குக் காட்டாதவர் தகுதி இழந்தார். அவரோடு அவருடைய உறவினர்களும் இழந்தனர். சிற்றன்னை, பேரன்னை மக்களிலிருந்து மாமன், மருமகன் வரை உறவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது கல்வெட்டு. ஒருவரைத் தடுத்தால் அவர் மச்சான் வந்து உட்காருவார் என்பதைப் பத்தாம் நூற்றாண்டுச் சபை தெளிவாகவே அறிந்திருந்தது.

குலுக்கும் காட்சியையும் கல்வெட்டு விடாமல் சொல்கிறது. பாலர் முதல் முதியவர் வரை சபை கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் வயதில் மூத்த ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி மேலே தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி, உரக்க வாசிப்பான். நம்பிமாரும் வாசிப்பார்கள். முதியவர் கையில் குடம் இருந்தது, ஓலை இல்லை.

மிகைப்படுத்திவிடவும் கூடாது. அது பிரமதேயத்து, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின், சபை. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்குள் நடந்த தேர்வு. உழுதவர்களும் பெண்களும் அந்தக் குடத்துக்குள் பெயராகக்கூட நுழையவில்லை. இறங்கும் விதி ஒழுங்காக இருந்த இடத்தில் ஏறும் விதி அத்தனை இறுக்கமாக இருந்தது. இன்று நாம் ஏறும் விதியை ஏறத்தாழ முழுவதும் திறந்துவிட்டோம். 1988இன் 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. ஊராட்சித் தேர்தலில் 21 வயதிலும், சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயதிலும் போட்டியிடலாம். மேல் வரம்பு எங்கும் கிடையாது. எத்தனை முறை என்ற கணக்கும் கிடையாது. உத்திரமேரூரின் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோம்.

3. ஊரில் யார் பெரியவர்?

இனி கல்லங்குறிச்சிப் பக்கம். பரம்பரை அறங்காவலர் முறை அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் தொடர்ந்து வந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் பரம்பரை அறங்காவலர் என்பதைத் தனி வகையாகவே ஏற்கிறது. நியமன அறங்காவலருக்குக் காலவரையறை உண்டு. பரம்பரை அறங்காவலருக்கு வழிவழி உரிமையே காலம். இத்தகைய உரிமை வம்சத்தில் மூத்தவரிடம் சேர்வது இயல்பு. ஆனால் அவர் வயதால் அங்கே வந்தவர் அல்லர், பிறப்பால் வந்தவர். தந்தை இளமையில் இறந்தால் முப்பது வயது மகனுக்கும் அதே உரிமை வரும். அவரும் முதல் மரியாதை பெறுவார்.

ஊர்ப் பஞ்சாயத்தும் இப்படித்தான். இப்பகுதிச் சிற்றூர்களில் நாட்டாண்மை, காரியக்காரர் போன்ற பொறுப்புகள் சாதிக்குள், குடும்பத்துக்குள் இறங்கி வந்தவை. அத்தகைய கூட்டத்தில் நடுவில் உட்காரும் நாற்பது வயதுக்காரருக்கு ஐயா என்ற அழைப்பு. ஓரத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கும் எண்பது வயது விவசாயக் கூலிக்கு அவரைவிட இரு மடங்கு வயது. ஆனால் கருத்து கேட்கப்படுவதில்லை. சேரியின் முதியவருக்கு ஊர்ப் பெரியவர் பட்டியலில் இடமே இல்லை. முதிய பெண்களின் சொல் வீட்டுக்குள் எத்தனை செல்லுபடியானாலும் ஆலமரத்தடி வரை வருவதில்லை. மூத்தவர்களின் தீர்ப்பு என்று சொல்லப்படுவதைக் கீறிப் பார்த்தால் நிலமும் சாதியும் ஆண்மையும் வயதின் போர்வையில் உட்கார்ந்திருக்கின்றன. ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதமானவை என்று சாடியபோது அது தொட்டதும் இந்தப் போர்வையைத்தான்.

முதியவர்களின் உண்மையான மூலதனம் வேறொன்றாக இருந்தது. அது நினைவு. எந்த வரப்பு யாருடையது, எந்த மடை யாருக்கு எத்தனை நாழிகை, எந்தப் பங்காளி எந்த ஆண்டில் பாகம் பிரித்தார் என்பதெல்லாம் ஊரில் சிலர் தலையில்தான் இருந்தன. அவர்களுள் முக்கியமானவர் கர்ணம். கணக்கும் மணியமும் தலைமுறையாக ஒரே குடும்பங்களின் கையில் இருந்த பதவிகள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 23 ஆயிரம் பணியிடங்கள். எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தேர்வாணையத் தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்தில் அமர்ந்தனர்.

தமிழகச் சிற்றூரில் நடந்த மிகப் பெரிய தலைமுறை மாற்றம் இதுதான் என்பது என் கணிப்பு. வாக்குரிமை வயதைக் குறைத்ததைவிட இது ஆழமானது. பழைய கர்ணத்தின் தலையில் இருந்தது அடங்கலிலும் சிட்டாவிலும் புலப்படத்திலும் எழுத்தாகி, பிறகு கணினிக்கும் போய்விட்டது. இன்று பட்டா எண்ணைக் கைப்பேசியில் தட்டிப் பார்க்கும் பேரனுக்குத் தாத்தாவின் நினைவு தேவைப்படுவதில்லை. ஆனால் அந்தப் பட்டாவில் இருக்கும் பெயர் பெரும்பாலும் தாத்தாவுடையதுதான். நினைவின் அதிகாரம் போய், கையெழுத்தின் அதிகாரம் எஞ்சியிருக்கிறது.

கிராம சபையைப் பார்ப்போம். குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என்ற நான்கோடு, உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1உம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகை உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர். அந்த எண்ணிக்கையைப் பல ஊர்களில் நிரப்புகிறவர்கள் நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள், அவர்களிலும் கணிசமானோர் வயதானவர்கள். தீர்மானப் புத்தகம் சுற்றி வரும்போது கைநாட்டு வைப்பவர்கள் அவர்கள். தீர்மானம் எழுதியவர்கள் அவர்கள் அல்லர். தலைகளை எண்ணிச் சொன்னால் கிராம சபையே தமிழ்நாட்டின் ஆகப் பெரிய முதியோர் அவை. அதன் அதிகாரத்தைப் பார்த்து முதியோராட்சி என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, நாட்டுச் சராசரி 8.6. 2021க்கான மதிப்பீடு தமிழகத்துக்கு 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்தபடி. இனி முதியவர்கள் வாக்காளர்களாகப் பெருகிக்கொண்டே போவார்கள். முதியோர் எண்ணிக்கையும் முதியோர் அதிகாரமும் ஒன்று என்று குழப்பிக்கொண்டால் ஓய்வூதியத்துக்கு வரிசையில் நிற்கும் கிழவியையும் ஆட்சியாளர் பட்டியலில் சேர்க்க வேண்டி வரும்.

4. ஐம்பது ஆண்டுக் கையெழுத்து

அரியலூர் மாவட்டத்தில் வயது என்பது அரசியல் பேச்சைத் தாண்டி நிலத்தின் பிரச்சினையாக மாறும் இடம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். அரசுக்குச் சொந்தமான டான்செம் ஆலை 1979இல் அரியலூரில் உற்பத்தி தொடங்கியது. பின்னர் தனியார் சிமென்ட் ஆலைகள் வரிசையாக வந்தன. கல்லங்குறிச்சியைச் சுற்றிய மண்ணுக்கு அடியில் இருப்பதுதான் அவற்றின் மூலப்பொருள்.

சுரங்கச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தத்தின்படி, சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்குக் குத்தகைக் காலம் 50 ஆண்டு. அந்தக் குத்தகைக்குள் வரும் புன்செயை விற்பதா, விடுவதா என்று முடிவெடுப்பவர் பட்டாவில் பெயர் உள்ளவர். அவருக்கு எழுபது என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டு மானாவாரி நட்டத்தைப் பார்த்தவர். மகள் கல்யாணக் கடனோ, வைத்தியச் செலவோ இருக்கும். ஒரே தொகையாகக் கிடைக்கும் விலை அவர் ஆயுளுக்குப் போதும். அவர் தவறாகக் கணக்குப் போடவில்லை. அவருடைய ஆயுளுக்கு அந்தக் கணக்கு சரியானது. குழி ஆழமாகிக் கிணற்று நீர் இறங்குவதையும், வெடி அதிர்வையும், லாரிப் புழுதியையும் நாற்பது ஆண்டு அனுபவிக்கப் போகிறவர் கையெழுத்துப் போட்ட அறையில் இல்லை, அல்லது இன்னும் பிறக்கவில்லை. உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொண்ட வாரியப் பெருமக்களுக்கு 360 நாள் அதிகாரம். இங்கே ஒரு கையெழுத்துக்கு அரை நூற்றாண்டு ஆயுள்.

இதற்கும் மறுபக்கம் உண்டு. நிலத்தை விற்கத் துடிப்பவர் பல வீடுகளில் மகன்தான். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் தகப்பனார். லாரி ஓட்டவும் ஒப்பந்த வேலைக்குப் போகவும் ஆலையை எதிர்பார்த்திருக்கும் இளைஞர்களும் உண்டு. எனவே இளைஞர் கையில் பட்டா இருந்திருந்தால் சுரங்கம் வந்திருக்காது என்று வாதிட முடியாது. சொல்லக்கூடியது இவ்வளவே: முடிவின் ஆயுளுக்கும் முடிவெடுப்பவரின் ஆயுளுக்கும் இடையே இத்தனை இடைவெளி இருக்கும்போது, கையெழுத்து ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அந்தத் திசையில் ஓர் உண்மையான அடி வைத்தது, கட்சிகளின் இளைஞரணிகள் அல்ல, 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைத் திருத்தம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்றானபின், பெண் பிள்ளைகளின் கையெழுத்து இல்லாமல் பத்திரம் பதியத் தயங்குகிறார்கள். கல்யாணமாகி நாமக்கல்லுக்கோ திருப்பூருக்கோ போன மகள் வந்து கையெழுத்திடும் வரை விற்பனை நிற்கிறது. பல சமயம் அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் கேட்க வேண்டிய ஆளாக அவள் ஆகியிருக்கிறாள்.

5. காலியாக விட்ட தலைவர் நாற்காலி

இனி சென்னை. தமிழக அரசியலில் மூத்தோருக்கு எதிராக இளையோர் எழுந்த முதல் பெரும் நிகழ்வு 1949. அந்த ஆண்டு ஜூலை 9இல் பெரியார் மணியம்மையை மணந்தார். மணத்தைவிட, இயக்கத்துக்கும் சொத்துக்கும் வாரிசு யார் என்பதைக் கலந்து பேசாமல் தலைவர் தாமே முடிவு செய்தார் என்பதே பிரிந்தவர்களின் மனக்குறை. செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் உருவானது. அன்று பெரியாருக்கு 70 வயது நிறைந்தது. அண்ணாவுக்கு இரண்டு நாளைக்கு முன்தான் 40 நிறைந்திருந்தது. அன்பழகனுக்கு 26, கருணாநிதிக்கு 25.

புதிய கட்சி தலைவர் பதவியை நிரப்பவில்லை. அது பெரியாருக்கு உரியது என்று காலியாக வைத்து, அண்ணா பொதுச் செயலாளராகவே இருந்தார். இதைப் பண்பாடு என்று போற்றுவது வழக்கம். அதில் ஐயமில்லை. ஆனால் அமைப்பு என்ற கோணத்தில், வாரிசுக் கேள்விக்காகப் பிரிந்த கட்சி, தலைவர் எப்போது, எப்படி விலக வேண்டும் என்ற விதியை எழுதாமல் அந்த இடத்தில் மரியாதையை வைத்துவிட்டது. இருபது ஆண்டு காலியாக இருந்த அந்த நாற்காலியில் 1969 ஜூலையில், 45ஆவது வயதில், கருணாநிதி அமர்ந்தார். 2018 ஆகஸ்ட் 7 அன்று, 94ஆவது வயதில் இறக்கும்வரை அதில் இருந்தார், 49 ஆண்டு. அன்பழகன் 1977இல் பொதுச் செயலாளரானவர் 2020இல் மறையும்வரை பொதுச் செயலாளர். இளைஞர்களின் கலகத்தில் பிறந்த கட்சி அதே இளைஞர்களோடு சேர்ந்து முதிர்ந்தது.

இளைஞரணியின் கதை இதற்குப் பொருத்தமான துணைக்கதை. 1980இல் மதுரையில் தொடங்கிய அந்த அணியின் செயலாளராக 1980களிலிருந்து இருந்த மு.க. ஸ்டாலின், 2017 ஜனவரியில் செயல் தலைவரானபோது அதிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு 63 வயது. அரசு ஊழியராக இருந்திருந்தால், அன்றைய விதிப்படி ஓய்வு பெற்று ஐந்தாண்டு ஆகியிருக்கும். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. மேலே இடம் காலியாகாதபோது கீழே உள்ளவர் இளைஞராகவே நீடித்தாக வேண்டும்; இரண்டு நாற்காலிகளும் ஒரே பூட்டால் பூட்டப்பட்டவை. முதல்வர் பதவி வந்தபோது அவருக்கு 68. அவருடைய தந்தை அதே பதவிக்கு வந்தது 44ஆவது வயதில்.

மற்ற கட்சிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. திராவிடர் கழகத்தில் கி. வீரமணி 1978 முதல் தலைமையில் இருக்கிறார், தொண்ணூறைக் கடந்தும். அ.தி.மு.க. இன்னும் ஒரு படி மேலே போனது: 2017 செப்டம்பரில் கூடிய பொதுக்குழு, ஒன்பது மாதங்களுக்கு முன் மறைந்துவிட்ட ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச் செயலாளர் என்று தீர்மானித்தது. சில ஆண்டுகளில் அந்தத் தீர்மானத்தைத் தாண்டித்தான் புதிய பொதுச் செயலாளர் வர முடிந்தது. ஜெயலலிதா முதன்முதலில் முதல்வரானது 43ஆவது வயதில். அவருடைய ஆட்சியை எவரும் முதியோராட்சி என்று சொன்னதில்லை. ஆனால் விலகும் விதி இல்லாமை அங்கேதான் முழு வடிவம் கண்டது.

1952 முதல் முதல்வர்கள் பொறுப்பேற்ற வயதை வரிசையாக அடுக்கினால் முதுமை ஏறிக்கொண்டே போகும் கோடு எதுவும் தென்படாது. ராஜாஜிக்கு 73, காமராசருக்கு 50, பக்தவத்சலத்துக்கு 65, அண்ணாவுக்கு 57, கருணாநிதிக்கு 44, எம்.ஜி.ஆருக்கு 60, ஜெயலலிதாவுக்கு 43. தென்படுவது இறங்கும் வழியில்தான். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா மூவரும் பதவியிலேயே இறந்தனர். நான் அறிந்தவரை தாமாக விரும்பி இறங்கியவர் காமராசர் ஒருவரே. (ஓ. பன்னீர்செல்வத்தின் மூன்று விலகல்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது அவருக்கே உடன்பாடாக இராது.)

6. விலகல் என்ற அரிய பொருள்

அரியலூர் என்ற பெயரோடு ஒரு விலகல் சேர்ந்திருக்கிறது. 1956 நவம்பர் 23 அதிகாலையில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவருக்கு வயது 52. அதே சாஸ்திரி ஏழு ஆண்டு கழித்து காமராசர் திட்டத்தின் கீழும் விலகியவர்.

அந்தத் திட்டம் பற்றிய பொதுப் புரிதலைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். மூத்தவர்கள் பதவியைத் துறந்து இளையவர்களுக்கு வழிவிட்ட நிகழ்வாக அது மேடைகளில் சொல்லப்படுகிறது. 1963இல் ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதல்வர்களும் விலகினர். விலகிய முதல்வர்களுள் ஒரிசாவின் பிஜு பட்நாயக்கிற்கு 47 வயதுதான். 73 வயதான நேரு பிரதமராகத் தொடர்ந்தார். சென்னையில் அக்டோபர் 2 அன்று 60 வயதுக் காமராசர் இறங்க, இன்னும் ஒரு வாரத்தில் 66 நிறையவிருந்த பக்தவத்சலம் ஏறினார். நாற்காலிக்கு வயது கூடியது. 1965 தொடக்கத்தில் மாணவர்கள் இந்தி எதிர்ப்புக்குத் தெருவுக்கு வந்தபோது எதிரே கோட்டையில் இருந்தவர் 67 வயது முதல்வர். 1967இல் அவர் தோற்றார். விருதுநகரில் காமராசரே மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தாமாக இறங்கிய ஒரே மனிதரையும் இறங்காதவர்களோடு சேர்த்தே வாக்காளர்கள் அனுப்பிவைத்தார்கள். தனிமனிதத் துறவு விதியாக மாறாதபோது அதற்கு அரசியலில் கிடைக்கும் விலை இவ்வளவுதான்.

விலகும் வழி அடைபட்ட இடத்தில் மாற்றம் தேர்தலாகவே வரும் என்பதற்கும் உறுதி இல்லை. சோவியத் ஒன்றியத்தில் 1982 நவம்பருக்கும் 1985 மார்ச்சுக்கும் இடையே பிரெஷ்னேவ், ஆந்த்ரோப்போவ், செர்னென்கோ என்று மூன்று தலைவர்கள் அடுத்தடுத்துப் பதவியிலேயே இறந்தனர். அதன் பிறகே 54 வயதுக் கோர்பச்சேவ் வந்தார். ஈழத்தில் விளைவு கொடியது. மூத்த வழக்கறிஞர் தலைமையின் நாடாளுமன்ற அரசியலில் நம்பிக்கையிழந்த 1970களின் இளைஞர்கள் ஆயுதத்தை எடுத்தனர். 1989 ஜூலையில் அந்த மூத்த தலைமையைச் சேர்ந்த அமிர்தலிங்கம் கொழும்பில் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் முடிந்தபின் எஞ்சியிருந்த மூத்தவர்களே திரும்பவும் தலைமை. இரா. சம்பந்தன் 2024 ஜூன் 30 அன்று 91ஆவது வயதில் இறக்கும்போதும் நாடாளுமன்ற உறுப்பினர். நடுவே ஒரு தலைமுறையே இல்லாமல் போன சமூகத்தில் முதியோர் தலைமை யாருடைய பேராசையும் அல்ல, பெருந்துயரத்தின் எச்சம்.

7. மேல்வரம்பு போதுமா?

வயதுக்கு மேல்வரம்பு வைத்துவிட்டால் தீர்ந்ததா? இந்தியக் கட்சிகளில் இதை எழுத்தில் வைத்து ஓரளவு நடத்திக் காட்டியது மார்க்சிஸ்ட் கட்சி. 2025 ஏப்ரலில் மதுரையில் கூடிய அதன் 24ஆவது மாநாட்டில் 75 வயது விதிப்படி பிரகாஷ் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார் போன்றோர் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து விலகினர். 79 வயது பினராயி விஜயனுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆட்சி அவர் கையில் இருந்தது. அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் விதி வளைந்தது.

மேல்வரம்பின் மீது எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது 1959இல், 80ஆவது வயதில். தமிழகத்தில் காங்கிரசின் ஒற்றை ஆதிக்கத்தை உடைத்த கைகளில் அந்த முதிய கையும் ஒன்று. பெரியார் 94 வயதிலும் மேடையேறிக்கொண்டிருந்தார். பதவிக்கு வெளியே இருந்த முதியவர்கள் இந்த மாநிலத்துக்குச் செய்தவை அதிகம். வயதைக் காட்டிக் கதவை மூடினால் முதலில் வெளியேற்றப்படுவோர், கட்சியும் குடும்பமும் பின்னால் இல்லாத முதியவர்களே.

ஆகவே உத்திரமேரூர் விதிகளில் இன்று எடுத்துக்கொள்ளத்தக்கது 70 என்ற எண்ணைவிட அந்த மூன்றாண்டு இடைவெளிதான். ஊராட்சியளவில் அதற்குச் சட்ட வழி உண்டு. அரசியலமைப்பின் 243எஃப் பிரிவு, ஊராட்சிப் பதவிக்கான தகுதியின்மைகளை விதிக்க மாநிலங்களுக்கு இடம் தருகிறது. அந்த வழியில்தான் அரியானா இரண்டு குழந்தை விதியைக் கொண்டுவந்தது. 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பள்ளிப் படிப்பைத் தகுதியாக்கிய சட்டத்தையும் 2015இல் ஏற்றது. இரண்டும் ஏழைகளையும் பெண்களையும் ஏறவிடாமல் செய்த விதிகள், அதனால் கண்டிக்கத்தக்கவை. தொடர்ந்து இரு முறை இருந்தவர் ஒரு முறை ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற விதி அப்படி யாரையும் ஏறவிடாமல் செய்யாது.

தமிழக ஊராட்சிகளில் இதன் ஒரு சாயல் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. தலைவர் பதவியின் இடஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறுகிறது. பெண்களுக்கான பங்கு 2016 முதல் 50 விழுக்காடு. பத்தாண்டு தலைவராக இருந்தவரின் ஊர் திடீரென்று மகளிர் ஒதுக்கீட்டுக்குப் போனால், அவர் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கியும் விடுகிறார். அடுத்த தேர்தல் சுவரொட்டியில் அவருடைய மனைவியின் படம் சிறியதாகவும் அவருடைய படம் பெரியதாகவும் இருக்கும். மனைவி இல்லையென்றால் மருமகள். கணக்குக் காட்டாதவரின் மருமகனைக்கூட விடாமல் தடுத்த பத்தாம் நூற்றாண்டு விதிக்கு ஈடாக, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் உறவினரைத் தடுக்கும் பிரிவு இல்லை. அப்படி ஒன்றை எழுதினால் அது முதலில் மோதப் போவது ஊராட்சித் தலைவர்களோடு அல்ல. அதைச் சட்டமன்றத்தில் நிறைவேற்ற வேண்டிய கட்சிகளின் தலைமைக் குடும்பங்களோடு.

இதற்கிடையே 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 60 வயதானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டவர்கள், ஊரை ஆளும் இத்தனை பேரில், மக்கள் தேர்ந்தெடுக்காத அந்த அலுவலர்கள் மட்டுமே.